மேலக்காவின் ஞானமும் ஒரு வாக்கிடாக்கியும்

எங்கள் சைட்டில் டவர் கிரேன் ஓட்டும் அம்மாவுக்கு உச்சியில் உட்கார்ந்தபடியே ஞானம் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. முதலில் ஒரு மணி நேரம் என்றார்கள். நான் முடிவெட்டப் போனபோது அது மூன்று மணி நேரமாக வளர்ந்திருந்தது. கொக்கியில் இரண்டு டன் கம்பி தொங்க, அந்த அம்மா கண்ணை மூடிச் சம்மணம் போட்டுவிட்டாராம். இன்ஜினியர் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டாராம். தலையைச் சுற்றி வெளிச்சம் வேறு தெரிந்ததாம். கிரேன் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு, பகலில் எரியாது. இருந்தாலும் பெட்டிக்கடைக்காரர் தன் கண்ணால் பார்த்தாராம்.

காது குத்துவதற்கும் ஒரு அளவு வேண்டும். நடந்ததை நான் சொல்கிறேன். அந்த சைட்டில் நான்தான் ஸ்டோர். ஹெல்மெட், கையுறை, ஆணி, வாக்கிடாக்கி எதுவும் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. வம்பும் அப்படித்தான். என் ஜன்னலைத் தாண்டாமல் எந்த வம்பும் கேட்டைத் தாண்டியதில்லை. எனவே எனக்குத் தெரியாமல் அங்கே ஒருவருக்கு ஞானம் வர வழியே இல்லை.

அந்த அம்மாவுக்கு வயது நாற்பத்திமூன்று. சைட்டில் எல்லோருக்கும் அவர் மேலக்கா. ஏழு வயது மூத்தவனான நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணே என்பார். யாருக்கு யார் என்ன முறை என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் முதுகில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறுவார். அறுபது மீட்டர். நடுவில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். மேலே கூண்டில் ஒரு ஆள் உட்காரலாம், படுக்க முடியாது. முன்னாலும் கண்ணாடி, காலுக்கடியிலும் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் நாங்கள் எல்லோரும் மஞ்சள் தொப்பிகள். எந்தத் தொப்பி வேலை செய்கிறது, எந்தத் தொப்பி வேலை செய்வதுபோல் நடக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நல்லவேளையாக அவர் வம்பு பேசாத ஜாதி.

கீழே சரக்கைக் கட்டுவார்கள். கொடியார் என்று ஒருவர் உண்டு, அவர் சொன்னால்தான் மேலக்கா தூக்குவார், இறக்குவார். ஒரு காலத்தில் கொடி காட்டியதால் அந்தப் பேர். இப்போது எல்லாம் வாக்கிடாக்கிதான், ஆனாலும் ஒரு சிவப்புத் துணி எப்போதும் பின் பாக்கெட்டில் தொங்கும். மேல் தளத்தில் சரக்கு இறங்கும் மூலையை லிஃப்ட் சுவர் மறைத்துவிட்டது. கூண்டிலிருந்து தெரியாது. அந்த மூலைக்கு மட்டும் கொடியாரின் குரல்தான் மேலக்காவுக்குக் கண்.

இந்த வேலையில் ஒரு கேடு உண்டு. ஒரு சரக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்குள் போன் நுழைந்துவிட்டது.

மேலக்காவின் வீட்டுக்காரர் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மாசத்துக்கொரு போன் வீட்டுக்கு வரும். "சோதிச்சுப் பாரு" என்று மனைவியிடம் கொடுப்பார். அந்த அம்மாவும் கடமை தவறாமல் சோதித்தார். குறிப்பாகக் கம்பளம் கழுவும் வீடியோ. கருப்பாக ஒரு கம்பளத்தை விரித்து, நுரை போட்டுத் தேய்த்து, தண்ணீர் அடித்து, கடைசியில் அது சிவப்பு என்று கண்டுபிடிப்பார்களே, அது. மேலக்கா வீட்டில் கம்பளமே கிடையாது. ஆனால் அது என்ன நிறத்தில் வெளுக்கும் என்று தெரியாமல் அவருக்கு அடுத்த சரக்கைத் தூக்க மனசு வராது.

ஒருநாள் பலகைக்கட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தபோது கொடியார் "நிறுத்து" என்றார். கம்பளம் அப்போதுதான் பச்சையாகிக்கொண்டிருந்தது. ஒரு விநாடி பிந்திவிட்டது. பலகைக்கட்டு ஒரு ஆள் நீளம் கூடுதலாக ஆடி, இன்ஜினியரின் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி இரண்டு தளம் கீழே போட்டது. இன்ஜினியர் அதிலிருந்து எழுந்து போய் அரை நிமிடம்தான் ஆகியிருந்தது.

யாருக்கும் அடியில்லை. இன்ஜினியர் ரிப்போர்ட்டில் 'பலத்த காற்று' என்று எழுதினார். அன்றைக்கு அடித்த காற்றில் ஒரு தீக்குச்சிகூட அணைந்திருக்காது. ஆனால் வேறு காரணம் எழுதினால் மூன்று படிவம் நிரப்ப வேண்டும், காற்று என்றால் ஒன்று போதும். எல்லோரும் நம்பினோம். மேலக்கா மட்டும் நம்பவில்லை. அன்று டப்பாவில் இருந்த சாப்பாடு அப்படியே கீழே வந்தது. "நாற்காலியில அந்தாளு இருந்திருந்தா?" என்று அவர் வீட்டில் நாலு நாள் இதே கேள்வியாம். வீட்டுக்காரருக்கு எந்த நாற்காலி என்றே புரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் தியான வகுப்புக்குப் போக ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு வாடகை அறை. தண்ணீர் பாட்டில் உயரத்துக்கு ஒரு புத்தர், இருபது பாய், ஒரு பிக்குணி. சாதனை செய்து கிழடு தட்டிய ஆள் என்று நினைக்காதீர்கள். முப்பது வயது இருக்கும். மொட்டைத் தலை, காவி, சிரித்தால் கீழே டயர் கடையில் திரும்பிப் பார்ப்பார்கள். நானும் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தேன். தர்மத்துக்காக இல்லை, யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க.

முதலில் ஐந்து சீலம் சொன்னார்கள். உயிரைக் கொல்லமாட்டேன், கொடுக்காததை எடுக்கமாட்டேன் என்று வரிசையாக. நாலாவது, பொய் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நான் உதட்டை மட்டும் அசைத்தேன். ஸ்டோர் நடத்துகிறவன் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்கக்கூடாது. என் பக்கத்துப் பாயில் மேலக்கா கணீரென்று சொன்னார்.

அப்புறம் எல்லோரும் மூச்சைக் கவனித்தோம். கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் கடகடவென்று ஓடியது. ஒருவர் பொறுக்கமாட்டாமல் கையைத் தூக்கினார்.

"அம்மா, இந்தச் சத்தத்துல எப்படிம்மா தியானம் பண்றது? கோபம் கோபமா வருது."

"சத்தம் கடையில இருக்கு," என்றார் பிக்குணியம்மா. "கோபம் எந்தக் கடையில இருக்கு?"

அந்த ஆள் கையை இறக்கினார்.

"வர்றதத் தடுக்காதீங்க. மனசுன்னா ஏதாவது வரத்தான் செய்யும். வந்ததும் பேர் மட்டும் சொல்லுங்க. சத்தம்னா 'கேக்குது, கேக்குது'. கோபம்னா 'கோபம், கோபம்'. ஆசைன்னா 'ஆசை, ஆசை'. பேர் சொன்னா அது கொஞ்சம் வெக்கப்படும். அப்புறம் மூச்சுக்கு வந்துடுங்க. எல்லாம் மனசுக்குள்ள. வாயால இல்ல."

மேலக்கா இதை அப்படியே பிடித்துக்கொண்டார், கடைசி வரியைத் தவிர. அறுபது மீட்டர் உயரத்தில் யார் கேட்கப்போகிறார்கள்? கூண்டில் வாய்விட்டே சொல்ல ஆரம்பித்தார். வாயால் சொன்னால்தான் தனக்கு ஒட்டுகிறது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

வீட்டில் போனைப் பழைய டிபன் டப்பாவில் போட்டு மூடி அலமாரியில் வைத்துவிட்டார். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும் டப்பா திறக்கும்.

வீட்டுக்காரர் டப்பாவைத் தட்டிப் பார்த்தார். "என்ன, போன் ரிப்பேரா?"

"இல்ல. நான்தான் ரிப்பேர்."

"ஏண்டி, ஊருக்கெல்லாம் போன் சரி பண்றவன் நான். என் பொண்டாட்டியே போனை டப்பாவுல அடைச்சா, கடைக்கு எவன் வருவான்?"

"உங்க கடைக்கு எதிர்ல நான் ஒரு கடையா போட்டேன்?"

"அப்படிப் போட்டாக்கூடத் தாங்கிப்பேனே!"

அடுத்து நாத்தனார். குடும்பக் குழுவுக்கு அவர்தான் தலைவி. விடிகாலை ஐந்துக்கு ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் போடுவார். ஆறு மணிக்குள் யார் பதில் வணக்கம் போடவில்லை என்று மனசுக்குள் வருகைப்பதிவு எடுப்பார். ஆறு நாள் மேலக்கா போடவில்லை. ஏழாம் நாள் வாசலில் வந்து நின்றார்.

"உயிரோடதான் இருக்கீங்களா அண்ணி? பூ அனுப்பி அனுப்பி என் கை ஓஞ்சுபோச்சு."

"நேர்ல கேட்டா எவ்வளவு நல்லாயிருக்கு பாரு. உக்காரு, டீ போடறேன்."

மூன்று வருஷத்தில் நாத்தனார் அந்த வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. குறை சொல்ல வந்தவர் இருட்டும் வரை பேசிவிட்டுப் போனார். பேசியது பூராவும் குழுவில் இருக்கும் மற்றவர்களைப் பற்றி. நான் அந்தப் பெண்மணியை ஒருமுறை சந்திக்கவேண்டும்.

வேலையிலும் வித்தியாசம் தெரிந்தது. கொடியாரே என் ஜன்னலில் வந்து சொன்னார்: "அண்ணே, இந்த ரெண்டு மாசமா மேலக்கா சரக்கு வெக்கிறது தூங்குற கொழந்தையப் படுக்கப் போடற மாதிரி இருக்கு."

இந்த நேரத்தில்தான் பாதுகாப்பு அதிகாரி வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை வருவார். கிரேன் ஓட்டுபவரின் வேலையை அரைநாள் நின்று பார்த்து, ஓட்டுநர் அட்டையில் கையெழுத்துப் போடுவார். போடவில்லை என்றால் மறுநாள் வாடகை ஏஜென்சியிலிருந்து வேறு ஆள் வந்து கூண்டில் ஏறுவான், மேலக்கா வேலை முடியும்வரை கீழே என் ஸ்டோரில் உட்கார வேண்டும். பதினாலு வருஷம் மேலே இருந்த மனுஷி. கிரேன் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. எனக்கும் கவலைதான். நாலாவது சீலம் எடுத்த ஒருவரை ஸ்டோரில் வைத்துக்கொண்டு நான் எப்படிக் காலம் தள்ளுவேன்?

அன்று காலை அவர் வழக்கம்போல் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணே, வேற வாக்கிடாக்கி இருந்தா குடுங்க. இதுல பட்டன் ஒட்டுது. போன வாரமே சொன்னேன்."

"சரி பண்ணிட்டேன் அக்கா. புதுசு மாதிரி ஆயிடுச்சு. தைரியமா ஏறுங்க."

சரி பண்ணியது எப்படி என்று கேட்காதீர்கள். பெயின்ட் தின்னரில் துணியை நனைத்து இரண்டு தேய்ப்பு. பட்டன் பளபளவென்று இருந்தது. இதை எழுதும்வரை இந்த விஷயம் எனக்கும் அந்தத் துணிக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் ஏறினார். வாக்கிடாக்கியை இருக்கைக்குப் பின்னால் மாட்டி, அதன் மைக்கைத் தோளில் செருகிக்கொள்வது அவர் வழக்கம். பத்து மணிக்கு ஒரு கட்டுக் கம்பியைக் கட்டினார்கள். கேட்டுக்குப் பக்கத்தில் அதிகாரி, கையில் அட்டை, பேனா, ஒரு வாக்கிடாக்கி. கொடியார் மேல் தளத்து மூலையில் நின்றுகொண்டு "தூக்கு" என்றார். மேலக்கா மைக் பட்டனை அழுத்தி "தூக்குறேன்" என்றார். விட்டார். பட்டன் விடவில்லை.

வாக்கிடாக்கியில் ஒரு சங்கடம் உண்டு. ஒருவர் பட்டன் அழுந்தியே இருந்தால் அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்கும். அவருக்கு யார் பேசுவதும் கேட்காது. மற்றவர்கள் கரடியாகக் கத்தினாலும் அவ்வளவுதான். அன்று சைட்டில் இருபத்திரண்டு வாக்கிடாக்கி, எல்லாம் ஒரே அலைவரிசையில்.

கம்பிக்கட்டு எழும்பியது. மேலக்காவின் குரலும்.

"மூச்சு உள்ள... மூச்சு வெளிய... அரிப்பு, அரிப்பு. இடது குதிகால்... மூச்சு உள்ள..."

பாதி இடத்தில் வேலை நின்றது. சரக்கு கட்டுபவர் ஒருவர் தன் இடது குதிகாலைக் குனிந்து பார்த்தார்.

"திருப்புறேன், திருப்புறேன். அதிகாரி வந்திருக்காரு. பயம், பயம். அட்டை போயிடுமோ? கவலை, கவலை... மூச்சு வெளிய..."

அதிகாரி தன் வாக்கிடாக்கியைக் காதுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனார்.

கம்பிக்கட்டு லிஃப்ட் சுவர் வரைக்கும் போயிற்று. அதற்கு அப்பால் கொடியாரின் குரல் வேண்டும். கொடியார் மூலையில் நின்று "மெதுவா, மெதுவா" என்று தொண்டை கிழியக் கத்தினார். அது அவர் வாக்கிடாக்கியைவிட்டே வெளியே போகவில்லை.

கட்டு நின்றது. துளி ஆட்டமில்லை.

"கொடி குரல் வரல. நிறுத்திட்டேன். கேக்கல, கேக்கல... பேட்டரி போயிருக்கும். இந்த மூலையில ஆயிரம் தடவை இறக்கியாச்சு, கண்ணை மூடிக்கிட்டே இறக்கிடலாம். ஆசை, ஆசை. அதிகாரி பாக்குறாரு, சீக்கிரம் முடிச்சா நல்ல பேரு. ஆசை, ஆசை. இறக்கல."

மூன்று தடவை ஹாரன் அடித்தார். கொடியார் சுவருக்கு இப்பால் ஓடிவந்து சிவப்புத் துணியை உயர்த்தி ஆட்டினார். அப்படியே பிடி என்று அர்த்தம். மேலக்கா பிடித்தார். இனி வேறு வாக்கிடாக்கி மேலே போய்ச்சேரும்வரை கட்டு இறங்கக்கூடாது. ஏணியேற இருபது நிமிடம்.

இந்த இருபது நிமிடத்தில்தான் எங்கள் எல்லோருடைய மானமும் போயிற்று. சும்மா காத்திருக்கும்போது மனசில் வருவதற்கெல்லாம் பேர் சொல்வதுதானே பயிற்சி? கண்ணாடிக்குக் கீழே நாங்கள்.

"வாட்ச்மேன் ஷெட்டுல படம் பாக்குறாரு. சிரிப்பு, சிரிப்பு... சிமென்ட் கலக்குறவரு தண்ணி கூட ஊத்துறாரு. எரிச்சல், எரிச்சல்... மூச்சு உள்ள... ஸ்டோர் அண்ணே சுவர் நிழல்ல சாக்கு விரிச்சுத் தூங்குறாரு. பொறாமை, பொறாமை."

நான் விழித்ததே அந்தக் குரலில்தான், அதுவரை நடந்தது பிறகு என் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது. என் வாக்கிடாக்கி தலைமாட்டில் இருந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே அதிகாரி. வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"இந்த வாக்கிடாக்கிய யாரு குடுத்தது?" என்றார்.

"ஸ்டோர் குடுத்தது சார்," என்றேன். நான் என்று சொன்னால்தானே மாட்டுவேன், ஸ்டோர் என்றால் பொய்யும் இல்லை.

"அப்போ ஸ்டோரே இன்னொண்ணு எடுத்துட்டு மேல போகட்டும்."

போனேன். பதினேழு படி ஏறினேன், சத்தியமாக. பதினெட்டாவது படியில் என் வயிறு ஏணிக்கும் எனக்கும் நடுவில் நின்று நியாயம் கேட்டது. சரக்கு கட்டுகிற ஆள் ஒருவர் என்னைக் காலைப் பிடித்து இறக்கிவிட்டு, என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு அணில் மாதிரி ஏறிப்போனார்.

அதற்குள் மேலே அடுத்தது.

"இன்ஜினியர் நாலாவது தளத்துல போன் பாத்துக்கிட்டே நடக்குறாரு. தொப்பை நல்லா தெரியுது. சிரிப்பு, சிரிப்பு... தடுப்புக் கம்பி இல்லாத பக்கமா வராரு. பயம். நிமிரவே இல்ல. பயம், பயம். ஐயோ, இன்னும் ரெண்டு அடி..."

இன்ஜினியர் இடுப்பிலும் ஒரு வாக்கிடாக்கி இருந்தது. தொப்பை என்ற இடத்திலேயே அவர் காது நிமிர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன். கால் மட்டும் போன போக்கில் போயிற்று. "ரெண்டு அடி" என்றதும் நின்றார். குனிந்து பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்.

"உக்காந்துட்டாரு. நிம்மதி, நிம்மதி... மூச்சு வெளிய..."

ஒரு நிமிடம் மூச்சு மட்டும் கேட்டது. முடிந்தது என்று நினைத்தோம்.

"அன்னிக்கு நாற்காலி ஞாபகம் வருது. காத்துன்னு எழுதினாங்க. காத்து இல்ல, நான்தான். கம்பளம் பாத்துக்கிட்டு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. குத்துது, குத்துது. நெஞ்சுல குத்துது."

அதிகாரி பேனாவைத் திறந்தார். கொடியார் சிவப்புத் துணியைப் பிடித்த கையோடு தலையில் அடித்துக்கொண்டதைக் கீழிருந்தே பார்த்தேன்.

ஒருவழியாகப் புது வாக்கிடாக்கி கூண்டுக்குப் போயிற்று, பழையதை அணைத்தார்கள். கொடியார் "மெதுவா" என்றார், கட்டு மெதுவாக மூலையில் உட்கார்ந்தது. கொண்டுபோன ஆள் மேலே ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையாம். ஆகவே மேலக்கா ஒன்றும் அறியாமல், தொங்கிய சரக்கைப் பத்திரமாக வைத்த சந்தோஷத்தோடு இறங்கி வந்தார். ஏணியின் அடியில் கால் வைத்ததும் எல்லோரும் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி விடமாட்டார்கள்.

"என்ன எல்லாரும் இப்படிப் பாக்குறீங்க? ஸ்டோர் அண்ணே, முகத்துல கோணி அச்சு விழுந்திருக்கு. துடைங்க."

அதிகாரி முன்னால் வந்தார். "அம்மா, அந்த நாற்காலி விஷயம் என்ன?"

மேலக்காவின் முகம் வெளுத்தது. "யார் சார் சொன்னா?"

"நீங்கதான். இருபது நிமிஷமா."

அவர் தோளில் தொங்கிய பழைய மைக்கைப் பார்த்தார். பட்டனைப் பார்த்தார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாட்ச்மேன், சிமென்ட், நான், இன்ஜினியர். ஒவ்வொரு முகத்திலும் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு ஞாபகம் வருவது எங்களுக்கே தெரிந்தது.

இன்ஜினியர் நாலாவது தளத்திலிருந்து ஓடிவந்து இரைத்துக்கொண்டே குறுக்கே பாய்ந்தார். உயிர் பிழைத்த நன்றி பாதி, ரிப்போர்ட்டில் தன் கையெழுத்து இருக்கும் பயம் பாதி. "காத்துதான் சார்! அன்னிக்குச் செம காத்து. இந்தம்மா ஏதோ தியானத்துல உளறினது. அதெல்லாம் கணக்குல வராது. நீங்களே சொல்லுங்கம்மா, காத்துதானே?"

கண்ணால் வேறு ஜாடை காட்டினார். அவர் கத்தல் மேல் தளம் வரை எட்டி, கொடியாரும் அங்கிருந்து வாக்கிடாக்கியில் "காத்துதான் சார், காத்துதான்" என்றார். நானும் என் பங்குக்கு, "கூரைத் தகரமெல்லாம் பறந்துச்சு சார்" என்று சேர்த்தேன். கேட்காமலே. எங்கள் ஸ்டோருக்குத் தகரக் கூரையே கிடையாது.

மேலக்கா மூச்சை ஒருமுறை இழுத்து விட்டார். இந்தத் தடவை பேர் எதுவும் சொல்லவில்லை.

"காத்து இல்ல சார். கைல போன் இருந்துச்சு. 'நிறுத்து'ன்னதும் நிறுத்தல. இப்போ ரெண்டு மாசமா போன் மேல கொண்டுபோறதில்ல. ஆனா அன்னிக்கு நடந்தது என் தப்பு."

இன்ஜினியர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதிகாரி ரொம்ப நேரம் எழுதினார். எழுதும்போது அவர் உதடு கொஞ்சம் துடித்தது. சிரிப்பா, கோபமா என்று பேர் சொல்ல எனக்குப் பயிற்சி போதாது.

"நாற்காலிக்குப் பதினஞ்சு நாள் கீழ," என்றார். "கூண்டுல ஏறக்கூடாது. மறைச்சதுக்கும் சேர்த்து." பேனாவை மூடினார். பிறகு மறுபடி திறந்து, ஓட்டுநர் அட்டையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "பதினாறாவது நாள் ஏறுங்க. குரல் வராம சரக்க இறக்கினவங்கள நெறைய பாத்திருக்கேன்மா. எல்லாரும் ஆயிரம் தடவை இறக்கின மூலைதான்." இன்ஜினியர் பக்கம் திரும்பி, "நாலாவது தளத்துக்கு இன்னிக்கே தடுப்பு போடுங்க. உங்களுக்கு மூணு படிவம்" என்றார்.

அந்த வாரமே சைட் பேச்சு மாறிவிட்டது. டீ லேட்டானால் நாலு பேர் சேர்ந்து "எரிச்சல், எரிச்சல்" என்பார்கள். வாட்ச்மேன் ஷெட்டைத் தாண்டும்போது ஒருவர் விடாமல் "சிரிப்பு, சிரிப்பு". என்னைக் கண்டால் வேறு வார்த்தையே இல்லை, "பொறாமை, பொறாமை"தான். கேலியாகச் சொல்லிச் சொல்லி, அதில் சிலர் உண்மையாகவே ஞாயிற்றுக்கிழமை டயர் கடை மாடிக்குப் போகிறார்கள். இன்ஜினியரும் ஒருநாள் அங்கே பாயில் உட்கார்ந்திருந்தார் என்று கேள்வி. பிக்குணியம்மா நடந்ததைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். கீழே டயருக்குக் காற்றடிப்பதை நிறுத்திவிட்டார்களாம்.

மேலக்கா பதினைந்து நாளும் என் ஸ்டோரில் இருந்தார். முதல் நாளே கையுறைப் பெட்டியைத் திறந்து, அறுபதும் இடது கை என்று கண்டுபிடித்தார். மூன்றாம் நாள் நான் சாக்கை விரிக்கும் இடத்தில் பெயின்ட் டின்களை அடுக்கிவிட்டார். நான் வாயே திறக்கவில்லை, அந்தப் பட்டன் விஷயம் என்னிடம் இருந்ததே.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் முடிவெட்டும் கடையில் கேட்டதை அப்படியே அவரிடம் சொன்னேன். மூன்று மணி நேரம், சம்மணம், மூடிய கண், கும்பிட்ட இன்ஜினியர், தலையைச் சுற்றி வெளிச்சம். "அக்கா, ஊரே உங்களுக்கு ஞானம் வந்துடுச்சுன்னு சொல்லுது. வந்திருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லுங்க. வெளிய விடமாட்டேன்."

அவர் இடது கைக் கையுறை ஒன்றை என் மேல் விட்டெறிந்தார்.

"மூணு மணி நேரமும் இல்ல, முப்பது மணி நேரமும் இல்ல. இருபத்திரெண்டு நிமிஷம். கண்ணை மூடவே இல்ல, மூடினா கம்பி யார் தலையில விழும்? அந்தக் கூண்டுல சம்மணம் போட எடம் ஏது? ஞானமும் வரல, ஒரு மண்ணும் வரல. காலையில ரெண்டு கிளாஸ் டீ குடிச்சுட்டு ஏறிட்டேன். இருபத்திரெண்டு நிமிஷமும் ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு நின்னுச்சு. அது ஒண்ணைத்தான் அந்தம்மா சொன்ன மாதிரி மனசுக்குள்ள சொன்னேன்."